தார் பாலைவனத்தில் பறவை பார்க்க: கைடு, ஜீப், கொஞ்சம் பொறுமை

தாருக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்றால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "அங்க என்ன இருக்கு, வெறும் மணல்தானே?" முதல் தடவை கிளம்பும்போது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் மணல்மேடு கொஞ்சம்தான். மீதியெல்லாம் புல்வெளி, சரளைத் தரை, உப்புப் பூத்த களர், எருக்கும் இலந்தையும் மண்டிய புதர், நடுநடுவே ஒற்றை வன்னி மரம். சுற்றுலா வருகிறவர்கள் ஒட்டகம் ஏறும் சாம் மணல்மேட்டில் நமக்கு அவ்வளவாக வேலை இல்லை. புல்லும் சரளையும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பறவை. பயணத் திட்டம் போடும்போது இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதித் தவறுகள் குறைந்துவிடும்.

போக வேண்டிய காலம் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. மத்திய ஆசியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் வலசை வரும் கழுகுகளும் கொக்குகளும் வானம்பாடிகளும் அப்போதுதான் இருக்கும். கோடையைத் தவிர்க்க, வெயில் 45 டிகிரியைத் தாண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கானமயில், ஆங்கிலத்தில் கிரேட் இந்தியன் பஸ்டர்ட் என்கிற பெரிய தரைப்பறவை. கோடையிலும் மழைக்காலத்திலும்தான் அது முட்டையிடுகிறது, அதுவும் வெறும் தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. அந்த நேரத்தில் நாம் வண்டியோடு புல்லுக்குள் திரிந்தால் அந்த ஒன்றும் போச்சு.

நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது குளிரில். பாலைவனம் என்றதும் பருத்திச் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஜனவரி விடிகாலையில் 5 டிகிரி என்பது சாதாரணம், திறந்த ஜீப்பில் காற்று வேறு அறையும். கையுறை இல்லாமல் போன முதல் காலையில் பைனாகுலரின் சக்கரத்தைத் திருப்பக்கூட என் விரல் வளையவில்லை. மதியம் அதே இடத்தில் 25 டிகிரி, ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடலாம். அதனால் ஒரே தடிமனான ஜாக்கெட்டைவிட அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்வது நல்லது. இன்னொரு விஷயம், ஜெய்சல்மேர் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் ஜனவரியில் சூரியன் கிட்டத்தட்ட ஏழரை மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். நான்கு மணிக்கு எழுந்து இருட்டில் நடுங்க வேண்டாம், ஆறரைக்கு வண்டியில் உட்கார்ந்தால் போதும்.

எந்த வழி?

ஒரு வாரம், எட்டு நாள்தான் இருக்கிறது என்றால் ராஜஸ்தான் அல்லது குஜராத், இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் சேர்த்தால் பறவையைவிட நெடுஞ்சாலையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

ராஜஸ்தான் சுற்றுக்கு ஜோத்பூரில் இறங்குவது வசதி. அங்கிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர், பாதி வழியில் பலோடி, அதன் பக்கத்தில் கீச்சன் கிராமம். ஜெய்சல்மேரில் மூன்று இரவு, பிறகு பிகானேர், கடைசியில் தால் சாப்பர் சரணாலயம், அப்படியே ஜெய்ப்பூரோ டெல்லியோ போய் விமானம். எட்டு நாள் வேண்டும். குஜராத் சுற்று என்றால் அகமதாபாத்திலிருந்து சின்ன ரண் என்கிற உப்புக் களர்வெளியில் இரண்டு இரவு, பிறகு புஜ் போய் பன்னி புல்வெளியில் மூன்று இரவு. இந்தச் சுற்றில் அலைச்சல் குறைவு, வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கைடைப் பிடிப்பது

பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். சமதரையில், மறைவே இல்லாத இடத்தில், நம்மை முதலில் பார்ப்பது பறவைதான். காட்டில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நெருங்கலாம், இங்கே அந்தப் பேச்சே இல்லை. ஆகவே நல்ல கைடுக்கு அடையாளம், பறவைக்கு எவ்வளவு பக்கத்தில் கூட்டிப்போகிறார் என்பது இல்லை, எவ்வளவு தூரத்தில் வண்டியை நிறுத்துகிறார் என்பதுதான். என் முதல் பயணத்தில் ஹோட்டல் மூலமாக வந்த ஜீப் ஓட்டுநர், ஒரு நரியைப் பார்த்ததும் உற்சாகத்தில் அதைத் துரத்தவே ஆரம்பித்துவிட்டார். நிறுத்தச் சொல்லிக் கத்தியும் அவர் காதில் விழ அரை கிலோமீட்டர் ஆனது. படம் கிடைத்தது, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடும் நரி. அதை யாருக்கும் காட்டியதில்லை.

முன்பதிவு செய்வதற்கு முன்னால் போனில் பேசுங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் பேசி முடிவு செய்ய வேண்டாம். ஸ்கோப்பும் (தூரத்துப் பறவையைப் பார்க்கும் தொலைநோக்கி) முக்காலியும் அவரிடம் இருக்கிறதா? பறவைக்குரலை ஒலிபரப்பி வரவழைப்பாரா? வரவழைப்பேன் என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். வண்டிக்கு எத்தனை பேர்? ஓட்டுநரைத் தவிர கைடோடு சேர்த்து நான்கு பேருக்கு மேல் என்றால் நடு இருக்கைக்காரருக்கு வானம் மட்டும்தான் தெரியும். வனத்துறை அனுமதி, நுழைவுக் கட்டணம், கேமராக் கட்டணம், ஜீப் வாடகை இதெல்லாம் சொன்ன தொகைக்குள் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கடைசிக் கேள்வி: "கானமயில் கண்டிப்பாகப் பார்த்துவிடலாமா?" கண்டிப்பாக என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். காட்டுவெளியில் மொத்தமே சுமார் 150 மட்டும் மிஞ்சியிருக்கிற பறவையை யாரும் கண்டிப்பாகக் காட்ட முடியாது, காட்ட முடிந்தால் அவர் செய்யக்கூடாத எதையோ செய்கிறார் என்று அர்த்தம்.

உள்ளூர்க்காரர் கிடைத்தால் அவரையே பிடியுங்கள், ஆங்கிலப் பெயர்கள் அவருக்குக் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை. ஓரண் என்று அங்கே சொல்வார்கள், கோயிலுக்கென்று ஊரே காத்து வைத்திருக்கும் காடும் மேய்ச்சல் நிலமும், வன்னி மரத்தில் ஒரு கிளையைக்கூட வெட்ட மாட்டார்கள். நம் ஊர்க் கோயில்காடு மாதிரி. வெளியூர் கைடு ஓரத்தில் நின்று எட்டிப் பார்ப்பார், உள்ளூர்க்காரர் ஆடு மேய்க்கிறவரிடம் இரண்டு வார்த்தை பேசி, இன்று காலை எது எந்தப் பக்கம் போனது என்று கேட்டு வந்துவிடுவார். கோடாவன் என்றால் கானமயில், குர்ஜா என்றால் டெமாய்செல் கொக்கு, கித் என்றால் பாறு (பிணந்தின்னிக் கழுகு), லோம்டி என்றால் நரி, சாண்டா என்றால் முள்வால் பல்லி. இந்த ஐந்தும் தெரிந்தாலே பாதி உரையாடல் புரிந்துவிடும்.

வண்டிக்குள் எப்படிப் பார்ப்பது

எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஓடுகிற வண்டியிலிருந்து வெட்டவெளி காலியாகத்தான் தெரியும். நிறுத்தி, பைனாகுலரை இடமிருந்து வலமாக ஒரு தடவை, பிறகு வலமிருந்து இடமாக ஒரு தடவை, மெதுவாக, தரையும் வானமும் சேரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத்தான் "கல்" என்று நினைத்தது நடக்கும். அது கோர்சர் என்கிற தரைப்பறவை. மண் நிறத்திலேயே இருக்கும், விறுவிறுவென்று ஓடும், நின்று நிமிரும், மறுபடி ஓடும். நின்றுவிட்டால் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இடம் சொல்வதற்கு மணிக்கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். வண்டியின் மூக்கு 12, வலது கை 3. "அந்தப் புதருக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் அங்கே ஆயிரம் புதர் இருக்கிறது. வண்டியைவிட்டு இறங்குவதும் கைடு சொன்னால் மட்டும். ஜீப்பைப் பறவைகள் ஒரு பெரிய மந்தமான விலங்காக எடுத்துக்கொள்கின்றன போல, இரண்டு காலில் ஒருவன் கீழே நின்றதும் எல்லாம் கிளம்பிவிடும்.

வண்டித்தடத்தை விட்டு விலக அனுமதிக்காதீர்கள். சேவண் புல்லுக்குள் ஒரு தடவை சக்கரம் ஏறினால் அந்தத் தடம் வெகுநாள் இருக்கும், அடுத்த வண்டி அதைப் பாதை என்று நினைத்துக்கொள்ளும்.

காலை பத்து, பத்தரைக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பும். ஸ்கோப்பில் பார்த்தால் எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நெளியும். அதோடு தூரத்துப் பறவைகளுக்கு மூட்டை கட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வானத்தைப் பார்ப்பது, ஏனென்றால் அதே சூடான காற்றில்தான் கழுகும் பாறும் வட்டமிட்டு மேலே ஏறும். இல்லையா, தண்ணீர் தேங்கிய இடத்தில் போய் உட்காருங்கள். கல்கௌதாரிகள் காலையில் கூட்டமாகத் தண்ணீர் குடிக்க வரும். குஞ்சு இருக்கும் காலத்தில் ஆண் பறவை தன் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து, பஞ்சுபோல உறிஞ்சவிட்டு, அப்படியே பறந்துபோய்க் குஞ்சுகளைக் குடிக்கவைக்கும்.

ஜெய்சல்மேர்

பாலைவனத் தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர், ஜெய்சல்மேர், பார்மேர் இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. பூங்கா என்றதும் கேட்டும் வேலியுமாகக் கற்பனை செய்யாதீர்கள், உள்ளே ஊர்கள் இருக்கின்றன, ஆடு மேய்கிறது. வேலி போட்டுப் பாதுகாக்கிற சுதாசரி பகுதியில் மட்டும்தான் கானமயிலுக்கு வாய்ப்பு அதிகம். ஆண் பறவை ஒரு மீட்டர் உயரம், எடை 15 கிலோ வரை போகும், ஆனாலும் புல்லுக்குள் தலையைத் தாழ்த்திவிட்டால் போச்சு. விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் இருங்கள். தெரிந்தால் ஒரு கிலோமீட்டர் தள்ளி, வெள்ளைக் கழுத்து ஒரு குச்சிபோல நகரும். அவ்வளவுதான் காட்சி. அதைப் பெரிதாக்கிப் படம் பிடிக்க வேண்டும் என்று யாராவது நச்சரித்தால் அவரை ஸ்கோப்புக்குப் பின்னால் உட்காரவையுங்கள்.

வழியில் காற்றாலைகளும் மின்கம்பிகளும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இந்தப் பறவைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில், முன்னால் பார்க்கும் வீச்சு குறுகல், உடம்போ கனம், கம்பி தெரிந்த பிறகு திரும்பவும் முடியாது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரவு போட்டது, 2024-ல் அந்த உத்தரவை மாற்றி நிபுணர் குழுவிடம் விட்டது. சாமிலும் ராம்தேவ்ராவிலும் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து வளர்க்கும் மையங்கள் இருக்கின்றன. அவை சுற்றிப் பார்க்கிற இடமில்லை, போய்க் கேட்காதீர்கள்.

கானமயில் வரவில்லை என்றால் நாள் வீண் என்று நினைக்காதீர்கள். வானம்பாடிகளை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. எல்லாம் ஒரே மண்நிறம் என்று முதல் நாள் எரிச்சல் வரும். அலகின் பருமன், நடக்கிறதா ஓடுகிறதா, பறக்கும்போது இறக்கையில் என்ன தெரிகிறது, இந்த மூன்றை மட்டும் பாருங்கள். நீண்ட வளைந்த அலகோடு கோர்சர் மாதிரி ஓடி, எழும்பியதும் இறக்கையில் பளீரென்று கறுப்பு வெள்ளை காட்டினால் அது கொண்டலாத்தி வானம்பாடி. அதன் பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும்: யாரோ புல்லாங்குழலைச் சரிபார்ப்பதுபோல மெதுவாக ஆரம்பித்து, நேர் மேலே ஏறி, அப்படியே கீழே விழும்.

நரிகளுக்கு வாலைப் பாருங்கள். நுனி வெள்ளையாக இருந்தால் பாலைநரி, கறுப்பாக இருந்தால் இந்தியக் குள்ளநரி என்று நாம் பொதுவாகச் சொல்கிற அந்த மெலிந்த நரி. சிங்காரா மான் தனியாகவோ நாலைந்தாகவோ நிற்கும், தண்ணீர் இல்லாமலே இலையின் ஈரத்திலும் பனியிலும் நாள்கணக்காகச் சமாளிக்கும். சாண்டா பல்லியைக் குளிர்காலத்தில் பார்ப்பது அதிர்ஷ்டம்தான். வளையை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே தூங்கும், வெயில் நன்றாக ஏறிய மதியத்தில் எப்போதாவது தலையை நீட்டும். இலை தழை தின்கிற அப்பாவி ஜீவன், அதன் கொழுப்பிலிருந்து எண்ணெய் எடுக்கிறோம் என்று பிடித்துக் கொல்கிறார்கள். யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

கீச்சனும் மற்றதும்

கீச்சனுக்கு அரை நாள் போதும். ஊர்க்காரர்கள் தானியம் தூவி வைக்க, ஆயிரக்கணக்கில் டெமாய்செல் கொக்குகள் இறங்கும். சூரியன் வந்த பிறகுதான் வரும், முன்னாலேயே போய் மாடியில் இடம் பிடித்துவிடுங்கள். பிறகு குளத்துக்குப் போகும், அங்கே வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும். 2025-ல் இது ராம்சார் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சத்தத்துக்குத் தயாராகப் போங்கள்.

பிகானேருக்குப் பக்கத்து ஜோர்பீரைப் பற்றிச் சொன்னால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். செத்த மாடுகளையும் ஒட்டகங்களையும் கொண்டுவந்து போடும் இடம். நாற்றம் துணியில் ஏறி இரண்டு நாள் இருக்கும், அந்தச் சட்டையைத் தனிப் பையில் போடுங்கள். ஆனால் ஒரே பார்வையில் நூற்றுக்கணக்கான ஸ்டெப்பி கழுகுகள், யூரேசியப் பாறு, இமாலயப் பாறு, மூன்று மீட்டருக்குப் பக்கம் இறக்கை விரிக்கும் கரும்பாறு, நடுவில் மஞ்சள்முகப் பாறு என்று இத்தனையும் வேறெங்கே கிடைக்கும்? ஸ்டெப்பி கழுகையும் அதன் சொந்தக்கார டானி கழுகையும் குழப்பிக்கொள்ளாத வழி வாயோரத்து மஞ்சள் கோடு. ஸ்டெப்பிக்கு அது கண்ணின் பின்விளிம்பு வரை நீளும், டானிக்குக் கண்ணின் நடுவோடு நின்றுவிடும். பக்கத்து மரங்களில் மஞ்சள்கண் புறாவைத் தேட மறக்காதீர்கள், மத்திய ஆசியாவிலிருந்து குளிருக்கு மட்டும் வருகிற ஆள். எச்சரிக்கை ஒன்று: இங்கே தெருநாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும், இறைச்சி தின்று பழகியவை. தனியாக நடக்கவே நடக்காதீர்கள், வண்டிக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

தால் சாப்பர் சின்ன இடம், சுமார் ஏழு சதுர கிலோமீட்டர்தான். கிண்டியிலும் கோடியக்கரையிலும் பார்த்த அதே வெளிமான், ஆனால் இங்கே தட்டையான புல்வெளியில் கூட்டம் கூட்டமாக. சாயங்காலம் புல்லுக்குள் இராத்தங்க வரும் பூனைப்பருந்துகளுக்காகவே ஒரு மாலையை ஒதுக்குங்கள். அவை அதிகம் வருவது செப்டம்பர், அக்டோபரில், அதற்கென்றே தனியாக ஒரு தடவை வரலாம்.

குஜராத் பக்கம் போனால்

சின்ன ரண்ணில் காட்டுக் கழுதை கட்டாயம் தெரியும், அது கவலையில்லை. உண்மையான சிக்கல் தரை. மேலே காய்ந்த ஓடு, கீழே சேறு. அனுபவமில்லாத ஓட்டுநர் குறுக்கே போனால் வண்டி அச்சு வரை இறங்கும், நாங்கள் ஒரு தடவை இரண்டு மணி நேரம் தள்ளினோம். பெட் என்று சொல்கிற மேட்டு நிலங்களில் கானமயிலின் சொந்தக்காரப் பறவையான ஹூபாராவைத் தேடுங்கள், தேங்கிய தண்ணீரில் பூநாரைகள். மழைக்காலத்தில் சரணாலயம் மூடியிருக்கும். பன்னி புல்வெளியோரம் ஃபுலாய் கிராமத்தில் ஹைப்போகோலியஸ் என்ற சாம்பல் பறவை குளிர்காலத்தில் உகாய் மரத்துப் பழம் தின்ன வரும், அந்தக் குடும்பத்தில் அது ஒரே ஓர் இனம். காலை எட்டு மணிக்குள் புதருக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றுவிடுங்கள்.

கையில் என்ன?

இங்கே தூரம் அதிகம் என்பதால் 10x42 பைனாகுலருக்கு என் ஓட்டு, கை நடுங்குகிறவர்கள் 8x42-வோடு இருக்கட்டும். கேமரா லென்ஸை வண்டிக்குள் மாற்றவே மாற்றாதீர்கள், தூசி உள்ளே போனால் தீர்ந்தது. துணியால் துடைப்பதற்கு முன் ஊதுகுமிழால் மண்ணை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியைத் தேய்த்துக் கீறுவது நீங்கள்தான். கணுக்கால் மூடும் ஷூ, இருட்டில் நடக்க டார்ச். சுருட்டை விரியன் குளிரில் அதிகம் வெளியே வராது, இருந்தாலும் செருப்போடு புதரில் கால் வைக்க வேண்டாம். பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியில் இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள், பல இடத்தில் சிக்னல் இருக்காது.

இது எல்லையோர மாவட்டம் என்பதை மறக்காதீர்கள். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், ராணுவ வண்டியையோ காவல் சாவடியையோ படம் எடுக்காதீர்கள், அடையாள அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். சில பகுதிகளுக்குத் தனி அனுமதி வேண்டும், கைடிடம் முன்கூட்டியே கேட்டு நகல்களை அனுப்பிவிடுங்கள். கானமயிலைப் பார்த்துவிட்டால் அந்தப் படத்தை இடக்குறிப்போடு அன்றைக்கே பதிவு போடாதீர்கள். அடுத்த நாள் காலை அந்த இடத்தில் பத்து ஜீப் நிற்கும்.

கடைசியாக ஒன்று, திரும்பும் விமானத்தை எட்டாம் நாள் மாலைக்குப் போடாமல் ஒன்பதாம் நாளைக்குப் போடுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பிகானேர், தால் சாப்பர் இருக்கிற சூரு பக்கம் பனிமூட்டம் இறங்கினால் பத்து மணி வரை ஜீப்பின் மூக்கே தெரியாது. தால் சாப்பரில் அப்படி ஒரு காலை முழுவதும் வெளிமானின் கனைப்பை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்தக் கூடுதல் நாள் கையில் இருந்ததால்தான் மறுநாள் அவற்றைக் கண்ணால் பார்க்க முடிந்தது.